கடல் கடந்த வாணிகமும் கையெழுத்தின் கடமையும்



சிறுசேரிக்கு நாம் குடிவந்த காலத்தில் மாலைப் பொழுதில் ஏரிக்கரையில் நின்று நோக்கினால் வயல்களும் பனைமரங்களுமே கண்ணுக்குத் தெரியும். இன்று சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் கண்ணாடிக் கட்டடங்கள் தெரிகின்றன. அவற்றுள் அமர்ந்து நம் வீட்டுப் பிள்ளைகள் செய்யும் வேலையில் பெரும்பகுதி கடல் கடந்த நிறுவனங்களுக்கானது. ஒவ்வொரு வேலைக்கும் அடியில் ஓர் ஒப்பந்தம் உள்ளது. அதில் கையெழுத்திடுவோர் சிலர். படிப்போர் அவரினும் சிலர்.

“வாணிகம் செய்வோர் கற்க வேண்டியதை ஓய்வுபெற்ற ஆசிரியை ஏன் எழுதுகிறார்?” என்று சிலர் வினவக்கூடும். கணக்கும் தமிழும் கற்பித்த நமக்கு நீதிமன்றப் பழக்கம் இல்லை என்பது உண்மையே. ஆயினும் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் ஒரு நாள் காகிதக் கட்டுடன் வந்து நின்றார். அவருக்கு விடை சொல்வதற்காக நாம் கற்றதையே இங்குப் பாடமாக அமைத்துள்ளோம்.

அறிந்ததிலிருந்து அறியாததற்கு

ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்த முதல் விதி, அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லுதல். ஆதலின் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம்.

ஒருவர் தம் நிலத்தை அடுத்த தெருக்காரருக்குக் குத்தகைக்கு விடுகிறார். இருவருக்கும் பொதுவான சட்டம் ஒன்று. வழங்கும் நாணயம் ஒன்று. பிணக்கு வந்தால் செல்ல வேண்டிய நீதிமன்றம் செங்கற்பட்டிலோ திருப்போரூரிலோ உள்ளது. வெள்ளத்தில் பயிர் அழிந்தால் இருவரும் தம் கண்ணாலேயே காண்பர். நால்வர் கூடிப் பேசி நட்டத்தைப் பகிர்ந்துகொள்வர்.

இதே ஒப்பந்தத்தைக் கடலுக்கு அப்பால் உள்ள ஒருவரோடு செய்தால் இந்நான்கும் சிதறிப் போகின்றன. எந்த நாட்டுச் சட்டம்? எந்த நாட்டு நாணயம்? எந்த மன்றம்? கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நேர்ந்த கேட்டுக்கு எவர் பொறுப்பு? பன்னாட்டு வாணிக ஒப்பந்தத்தின் இடர்கள் யாவும் பெரும்பாலும் இந்நான்கு வினாக்களுள் அடங்கும்.

முன்னோர் எழுதிவைத்த சீட்டு

இவ்வினாக்கள் புதியன அல்ல. ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரத் தேசிய நூலகத்தில் கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கப் பாப்பிரசு ஏடு ஒன்று உள்ளது. 1985ஆம் ஆண்டில் அறிஞர்கள் அதனைப் படித்து வெளியிட்டனர். சேரநாட்டு முசிறியோடு நடந்த வாணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் பற்றியது அது. செங்கடல் துறையில் இறங்கிய சரக்கு, பாலைவழியே காவலுடன் சென்று, நைல் ஆற்றின் வழியே அலெக்சாந்திரியாவை அடைந்து, முத்திரையிட்ட கிடங்கில் வைக்கப்பட வேண்டும். குறித்த காலத்தில் கடன் தீராவிடில், ஈடாக வைத்த சரக்கைக் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம். ஏட்டின் மறுபுறத்தில் எர்மாபோலோன் என்னும் கப்பலில் வந்த சடாமாஞ்சில், தந்தம் முதலியவற்றின் மதிப்புக் கணக்கு உள்ளது. சரக்கு எங்கெங்குச் செல்லும், எவர் பொறுப்பில் இருக்கும், தவறினால் என்ன நேரும் என்ற மூன்றையும் அன்றே எழுதிவைத்தனர்.

நம் கடற்கரைக்கும் இதில் பங்கு உண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் இடிந்து நிற்கும் டச்சுக் கோட்டையைப் பலரும் கண்டிருப்பீர்கள். 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் ஐரோப்பியக் கம்பெனிகள் துணி வாங்கிய முறை முன்பண ஒப்பந்தமாகும். கம்பெனி, வணிகருக்கு முன்பணம் தரும். வணிகர் நெசவாளருக்குத் தருவார். துணி வந்ததும் முன்னரே ஒப்புக்கொண்ட மாதிரித் துணியோடு ஒத்துப் பார்ப்பர். தரம் குறைந்தால் விலையைக் குறைப்பர், அல்லது திருப்பி அனுப்புவர். பஞ்சத்தில் பருத்தி விலை ஏறினாலும் நெசவாளர் பட்ட கடன் நின்றது. “மாதிரிப்படி சரக்கு” என்னும் இன்றைய நிபந்தனைக்கு அன்றைய மாதிரித் துணியே முன்னோடி எனலாம்.

மாமல்லபுரத்துச் சிற்பியின் மூன்று எழுத்துகள்

இனி நம் மாணவரின் செய்திக்கு வருவோம். அவர் மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் நடத்துகிறார். ஐரோப்பிய நாடொன்றில் உள்ள வணிகர் ஒருவர் தோட்டத்தில் வைக்கும் கருங்கல் சிலைகள் பன்னிரண்டை அவரிடம் வாங்கினார். பாதி விலை முன்னதாக வந்தது. மீதி, சரக்கு சேர்ந்தபின் தருவதாகப் பேச்சு. சிலைகள் பழம்பொருள் அல்ல என்னும் சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் பெற்று, மரப்பெட்டியில் அடைத்துச் சென்னைத் துறைமுகத்தில் ஏற்றினார். அங்கே பெட்டிகளைத் திறந்தபோது நான்கு சிலைகள் உடைந்திருந்தனவாம். வாங்கியவர் மீதித் தொகை முழுவதையும் நிறுத்திவிட்டார்.

“டீச்சர், ஒரு வருஷ உழைப்பு. கூலியாட்களுக்கு நான் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டேன். இப்போது வழக்குப் போட அந்த ஊருக்குப் போக வேண்டுமாமே?” என்று அவர் கேட்டபோது நமக்கு உடனே விடை தெரியவில்லை.

அவரிடம் இருந்த ஒப்பந்தம் ஒரே தாள். புரோஃபார்மா இன்வாய்ஸ் எனப்படும் முன்விலைப் பட்டியல் அது. எந்தச் சட்டம், எந்த மன்றம் என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் விலைக்கு அருகில் “எஃப்.ஓ.பி. சென்னை” என்று அச்சிட்டிருந்தது. அதன் பொருள் தமக்குத் தெரியாது என்றும், வேறொருவர் பட்டியலைப் பார்த்து எழுதியதாகவும் அவர் கூறினார்.

அம்மூன்று எழுத்துகளே அவரைக் காத்தன. பாரிசில் உள்ள பன்னாட்டு வணிகக் கழகம் 1936 முதல் ‘இன்கோடெர்ம்ஸ்’ என்னும் வணிகச் சொல் விதிகளை வெளியிட்டு வருகிறது. 2020ஆம் ஆண்டுப் பதிப்பும் உள்ளது. அதன்படி எஃப்.ஓ.பி. என்றால், குறித்த துறைமுகத்தில் கப்பலில் சரக்கு ஏறிய பின் நேரும் இழப்பு வாங்குபவரைச் சாரும். சி.ஐ.எஃப். என்னும் முறையில் கப்பல் கூலியையும் காப்பீட்டையும் விற்பவரே செலுத்துவார். ஆயினும் இழப்பின் பொறுப்பு அங்கும் சரக்குக் கப்பலில் ஏறியவுடனேயே வாங்குபவருக்கு மாறிவிடும். கூலி கட்டுபவர் வேறு, பொறுப்பு ஏற்பவர் வேறு என்பதைப் பலரும் அறியாமல் இருக்கின்றனர்.

ஆனால் இதற்கு ஓர் எல்லையுண்டு. பெட்டியில் அடைத்தது சரியில்லை என்றால் குற்றம் விற்றவருடையதே. நல்வாய்ப்பாக அவருடைய மகன், சிலைகளை வைக்கோலும் மரச்சட்டமும் இட்டு அடைத்ததைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தான். அப்படங்களையும் எஃப்.ஓ.பி. விதியையும் எடுத்துக்காட்டிக் கடிதம் எழுதினோம். பதினான்கு மாதங்கள் கடிதப் போக்குவரத்து நடந்தது. முடிவில், உடைந்தவற்றின் விலையில் பாதியை மட்டும் கழித்துக்கொண்டு எஞ்சியதை அந்த வணிகர் அனுப்பினார். வழக்காடியிருந்தால் செலவு அத்தொகையினும் மிகுந்திருக்கும். இது முழு வெற்றியன்று. ஆயினும் கூடத்தின் கதவு மூடப்படவில்லை.

சென்னையும் மாஸ்கோவும்

சிறு வணிகருக்குத்தான் இத்தொல்லை என்று எண்ணற்க. நம் சென்னை நிறுவனம் ஒன்றின் வழக்கு இந்தியச் சட்ட வரலாற்றிலேயே இடம்பெற்றுள்ளது. தாராப்பூர் அண்டு கம்பெனி என்னும் அந்நிறுவனம் மேற்கு வங்கத்துப் பராக்கா அணைத்திட்டத்தின் கால்வாய் வெட்டும் வேலையை ஏற்றிருந்தது. அதற்கென 1960களில், மாஸ்கோவிலிருந்த சோவியத் ஏற்றுமதி அமைப்பான டிராக்டரோ எக்ஸ்போர்ட்டிடமிருந்து இயந்திரங்களை வாங்கியது. விலைக்காக பாங்க் ஆஃப் இந்தியாவின் வழியாக எல்.சி. எனப்படும் வங்கி உறுதிக் கடிதம் அளிக்கப்பட்டது.

எல்.சி. என்பது யாது? விற்பவர் சரக்கை ஏற்றிக் கப்பல் சீட்டு முதலிய ஆவணங்களைக் காட்டினால் வங்கியே பணம் தரும் என்னும் வாக்குறுதி அது. முன்பின் அறியாத இருவருக்கிடையே நம்பிக்கையின் இடத்தில் வங்கி நிற்கிறது.

இயந்திரங்கள் வந்து சேர்ந்தன. பராக்காவில் எதிர்பார்த்தபடி உழைக்கவில்லை என்று வாங்கிய நிறுவனம் குறை கூறியது. வங்கி எஞ்சிய பணத்தைக் கொடாதபடி தடையாணை வேண்டிச் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகியது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. முடிவு என்ன? தடை மறுக்கப்பட்டது. சரக்கு விற்பனை ஓர் ஒப்பந்தம். வங்கியின் வாக்குறுதி மற்றோர் ஒப்பந்தம். முன்னதில் பிணக்கு இருப்பதால் பின்னதை நிறுத்த முடியாது. நிறுத்தினால் பன்னாட்டு வாணிகத்தில் எந்த வங்கியின் சொல்லையும் எவரும் நம்பார். இதுவே அத்தீர்ப்பின் சாரம். வங்கி பார்ப்பது காகிதத்தை, சரக்கை அன்று.

வழக்கு அத்துடன் முடியவில்லை. பிணக்கு எழுந்தால் மாஸ்கோவிலுள்ள அயல்நாட்டு வாணிக நடுவர் குழுவிடம் தீர்த்துக்கொள்வதாக ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. சோவியத் அமைப்பு அங்கே முறையிட்டு, சென்னை வழக்கை நிறுத்திவைக்குமாறு கோரியது. அயல்நாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்பதற்காக 1958இல் நியூயார்க்கில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா ஏற்று, 1961இல் அதற்கெனச் சட்டமும் இயற்றியிருந்தது. எனினும் அச்சட்டத்தின் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்ற வினா எழுந்தது. 1969இல் உச்சநீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில், நடுவரிடம் செல்வதாக ஒப்பந்தம் இருந்தால் மட்டும் போதாது, பிணக்கு உண்மையாகவே அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கூறிச் சென்னை வழக்கு தொடர இடமளித்தது. இவ்விளக்கம் உடன்படிக்கையின் நோக்கத்துக்குப் பொருந்தவில்லை எனக் கருதிய நாடாளுமன்றம் 1973இல் சட்டத்தையே திருத்தியது. பின்னர் 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டம் பழைய சட்டங்களின் இடத்தைப் பெற்றது. நடுவர் அமரும் ‘இருக்கை’ வெளிநாட்டில் இருந்தால் அந்நாட்டு நீதிமன்றங்களுக்கே மேற்பார்வை உண்டு என்னும் கருத்தை 2012இல் பாரத் அலுமினியம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு நிலைநாட்டியது.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள ஓர் ஊரின் பெயருக்கு எத்துணை வலிமை பாருங்கள்! லண்டன் என்றோ சிங்கப்பூர் என்றோ எழுதிய ஒரு சொல், பிணக்கு வரும் நாளில் நாம் எந்த விமானத்தில் ஏற வேண்டும், எந்த நாட்டு வழக்கறிஞருக்கு ஊதியம் தர வேண்டும் என்பதை முடிவு செய்துவிடுகிறது.

வென்றபின் பணம் வருமா?

மன்றத்தில் வெல்வது ஒன்று. பணம் கைக்கு வருவது மற்றொன்று. இங்கிலாந்து, சிங்கப்பூர், 2020 முதல் ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளின் குறிப்பிட்ட நீதிமன்றத் தீர்ப்புகளை இந்தியாவில் நேரே நிறைவேற்றக் கோரலாம். அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பாயின் இங்கே அதை அடிப்படையாகக் கொண்டு புதிதாக வழக்குத் தொடுக்க வேண்டும். நடுவர் தீர்ப்புக்கோ நியூயார்க் உடன்படிக்கையை ஏற்ற நாடுகள் 170க்கு மேற்பட்டவை. வணிகர் நீதிமன்றத்தை விடுத்து நடுவரை நாடுவதற்கு இதுவே முதற் காரணம்.

சரக்கு விற்பனைக்கு உலகப் பொதுச் சட்டம் இல்லையா எனில், 1980இல் வியன்னாவில் உருவான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை உண்டு. ஆனால் இந்தியா அதில் சேரவில்லை. எனவே எந்தச் சட்டம் என்பதை நாமே எழுதிக்கொள்ளுதல் இன்றியமையாதது.

நாணயத்துக்கு ஒரு சிறு கணக்கு. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டு, டாலர் ஒன்று 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய் ஆயிற்று. முதல் நாள் 10,000 டாலர் கடன்பட்டவர் 47,600 ரூபாய் தர வேண்டியவர். மறுநாள் 75,000 ரூபாய் தர வேண்டியவரானார். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. விதி ஒன்றை எழுத மறந்தார், அவ்வளவே.

எதிர்பாரா இடர்

2021 மார்ச்சில் எவர் கிவன் என்னும் பெருங்கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தது. 2020இல் கொரோனா நோய் துறைமுகங்களை முடக்கியது. இத்தகைய வேளையில் கடமை தவறினால் மன்னிப்பு உண்டா? “ஃபோர்ஸ் மஜூர்” என்னும் விதி ஒப்பந்தத்தில் இருந்தால், அதில் எழுதிய அளவுக்கு உண்டு. இல்லையேல் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு உள்ளது. செயல் இயலாததாகிவிட்டால் ஒப்பந்தம் வீழும் என்பது அதன் கருத்து. ஆனால் இயலாமை வேறு, இழப்பு வேறு. இந்தோனேசிய அரசு நிலக்கரி விலை விதியை மாற்றியதால் தம் செலவு ஏறியது என்று மின்நிறுவனங்கள் முறையிட்ட வழக்கில், விலையேற்றம் மட்டும் ஒப்பந்தத்தை முறிக்காது என்று 2017இல் உச்சநீதிமன்றம் கூறியது.

கண்ணுக்குத் தெரியாத சரக்கு

சிறுசேரிப் பிள்ளைகள் அனுப்பும் சரக்குக்குப் பெட்டியும் இல்லை, கப்பலும் இல்லை. அங்கே இரகசியக் காப்பு விதியே பெருவிதி. அமெரிக்காவின் எபிக் சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனம், தன் ஆவணங்களை உரிமையின்றி எடுத்ததாக டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் மீது தொடுத்த வழக்கில், விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள நீதிமன்றத்தின் ஜூரிகள் குழு 2016இல் 94 கோடி டாலர் விதித்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீடு செய்தது. தொகை படிப்படியாகக் குறைந்து 28 கோடி டாலரில் நின்றது. அமெரிக்க உச்சநீதிமன்றம் 2023இல் மேலும் விசாரிக்க மறுத்தது. ஓர் ஊழியர் தமக்கு உரிமையில்லாத கோப்பைத் திறப்பது எத்துணைச் சிறு செயலாகத் தோன்றினும் அதன் விளைவு சிறிதன்று. வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இதனை மனத்திற் கொள்க.

அறநூலும் சட்டநூலும்

சட்டம் ஓரிடத்தில் நம் அறநூலோடு கைகோக்கிறது. 1941இல் நியூயார்க்கில் நடந்த வழக்கொன்று உலகெங்கும் சட்ட மாணவர்க்குப் பாடமாக உள்ளது. லக்னோ நகரத்து வணிகரிடம் தூரிகைக்கான பன்றி மயிர் கேட்டிருக்க, பெட்டிகளில் பசுமயிரும் குப்பையும் வந்தன என்று வாங்கியவர் முறையிட்டார். வங்கி காகிதத்தையே பார்க்கும் என்னும் விதி இங்கும் செல்லுமா? அம்முறையீடு உண்மையாயின், சரக்கே இல்லாமல் பொய் ஆவணம் காட்டுவோருக்கு அவ்விதி அரண் ஆகாது என்றது நீதிமன்றம். சென்னை வழக்கில் இருந்தது தரம் பற்றிய பிணக்கு. இதில் இருந்ததோ வஞ்சகம். இவ்வேற்றுமையை நன்கு உணர்தல் வேண்டும்.

தத்துவார்த்த சூத்திரம் வாய்மை விரதத்துக்கு அதிசாரமாகப் பொய் ஆவணம் எழுதுதலையும், அடைக்கலப் பொருளைக் கவர்தலையும் குறிக்கிறது. கள்ளாமைக்கு அதிசாரமாக அரசு விதியை மீறிய வாணிகம், குறைந்த அளவை, கலப்படச் சரக்கு ஆகியவற்றைக் கூறுகிறது. பன்னாட்டு ஒப்பந்த வழக்குகளைப் பிரித்துப் பார்த்தால் அவற்றுட் பல இப்பட்டியலில் ஏதேனும் ஒன்றில் வந்து சேரும். இல்லறத்தார் விரதம் வழிபாட்டு நேரத்துக்கு மட்டும் உரியதன்று. இன்வாய்ஸ் எழுதும் மேசைக்கும் உரியது.

கையெழுத்திடுமுன் காண வேண்டியவை

1. எந்த நாட்டுச் சட்டம், நடுவர் எனில் எந்த ஊர் இருக்கை என்பவை எழுதப்பட்டுள்ளனவா?

2. எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். முதலிய சொல்லுடன் துறைமுகத்தின் பெயரும், இன்கோடெர்ம்ஸ் எந்த ஆண்டுப் பதிப்பு என்பதும் உள்ளனவா?

3. எந்த நாணயம்? மதிப்பு மாறினால் யார் தாங்குவது?

4. எல்.சி. கேட்கும் ஆவணங்களில் பெயர், எடை, நாள் ஆகியவை எழுத்துப் பிசகாமல் ஒத்துள்ளனவா? ஒரு பிழை பணத்தை நிறுத்திவிடும்.

5. தரத்தை எவர், எந்த ஊரில், எப்போது சோதிப்பார்? வாங்குபவராயின், பணம் முழுதும் செல்லுமுன் சோதனை நடைபெற வழி உண்டா?

6. எதிர்பாரா இடர்களின் பட்டியல் தெளிவாக உள்ளதா?

7. வாங்குபவர் பணம் தராமற் போனால் ஈடுசெய்ய, 1957 முதல் இயங்கிவரும் ஏற்றுமதிக் கடன் உறுதி நிறுவனமான இ.சி.ஜி.சி.யில் காப்பீடு செய்தீர்களா?

8. அடைத்த விதம், ஏற்றிய நாள், எழுதிய கடிதம் ஆகிய யாவற்றுக்கும் சான்று வைத்துள்ளீர்களா? ஒப்பந்த வழக்குக்கு நம் நாட்டில் பொதுவாக மூன்றாண்டு காலவரம்பு உண்டு என்பதையும் மறவற்க.

பெருந்தொகையாயின் இவற்றோடு வழக்கறிஞரின் அறிவுரையையும் பெறுக. கையெழுத்துக்கு முன் செலவழிக்கும் சிறு தொகை, பின்னர்ப் பெருந்தொகையைக் காக்கும்.

பயிற்சி வினாக்கள்

இல்லத்தில் பெரியோரும் பிள்ளைகளும் கூடி விடை காண்க.

அ. சி.ஐ.எஃப். முறையில் அனுப்பிய சரக்கு நடுக்கடலில் மூழ்கினால் இழப்பு எவரைச் சாரும்? காப்பீட்டுத் தொகை எவருக்குச் செல்லும்?

ஆ. சென்னை–மாஸ்கோ வழக்கிலும் 1941ஆம் ஆண்டு வழக்கிலும் வங்கி பற்றிய முடிவு வேறுபட்டது ஏன்?

இ. சிற்பியின் ஒரு பக்கத் தாளில் இன்னும் எவ்விரண்டு வரிகளை எழுதியிருந்தால் பதினான்கு மாதம் குறைந்திருக்கும்?

மூன்றாம் வினாவுக்கு நம் மாணவரே விடை எழுதிவிட்டார். அண்மையில் அவர் நம் இல்லத்துக்கு வந்தபோது புதிய ஒப்பந்தத்தைக் காட்டினார். இப்போது அது நான்கு பக்கம். ஒவ்வொரு வரியின் பொருளையும் தம் மகனுக்குச் சொல்லிக் கொடுத்த பின்னரே கையெழுத்திட்டாராம். “பரீட்சை மாதிரி கேள்வி கேட்டேன், டீச்சர்” என்றார். ஆசிரியருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

சொன்ன சொல்லைக் காப்பதும், எழுதும் சொல்லை அறிந்து எழுதுவதும் இல்லறத்தார்க்கு உரிய நல்லறம். அவ்வறம் நம் குடும்பங்களில் வாணிகத்தோடு சேர்ந்து வளர்வதாக.